பனிப்பூதம் படுத்த இடம்

திருமலைசாமி அண்ணன் சினிமாவுக்காகச் செத்தது 1996ஆம் வருடம் தை மாதத்தில், ஊட்டியைத் தாண்டி ஒரு புல்சரிவில். அந்தப் படம் வெளியே வரவில்லை. அதனால் அவர் செத்ததைப் பார்த்தவர்கள், படப்பிடிப்புக்குப் போயிருந்த நாங்கள் சிலர் மட்டும்தான்.

கோயமுத்தூரில் கணபதி என்கிற பகுதிக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த ஒரு நூல்மில்லில் அவர் வாட்ச்மேன். அதே மில்லில் இளவயதிலிருந்து ப்ளோ ரூமில் வேலை பார்த்தவர். பஞ்சுப் பொதிகளைப் பிரித்து உதறி மெஷினுக்குள் தள்ளுகிற இடம் அது. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டி, அன்றைக்கே நரைத்துப் போனவர்களாகத் தெரிவார்கள். மில்லை மூடிய மறுநாளும் இவர் ஷிப்டு நேரத்துக்கு வந்து கேட்டருகே நின்றாராம். அதற்கடுத்த நாளும் வந்தாராம். எப்படியும் நிற்கிறார், வாட்ச்மேனாகவே நிற்கட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனாராம். இதை எனக்குச் சொன்னவர் அவர் மனைவி கருப்பாத்தாள் அக்கா. சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ ஒருவரைப் பற்றிய பேச்சைக் கேட்பவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு வருத்தம் என்று சொல்ல முடியாது. கோபமும் இல்லை. கேட்டால் பதில் சொல்வார், கொடுத்தால் சாப்பிடுவார். மற்ற நேரத்தில் கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் வராத கேட்.

எனக்கு அவரைத் தெரிய வந்தது பாலகோபால் நாயுடுவின் படத்தால். நாயுடுவுக்குக் கணபதியில் ஃபவுண்டரி இருந்தது. மோட்டார் பம்பு வார்க்கிற தொழில். அந்த வருடங்களில் டவுனில் தமிழ் பேசுகிற வெளிநாட்டுப் படங்கள் காலைக் காட்சிகளில் ஓடிக்கொண்டிருந்தன. அதில் பனிமலையில் ஏதாவது ஒரு மிருகம் ஆட்களைப் பிடித்துத் தின்கிற படம் என்றால் கூட்டம் கொஞ்சம் அதிகம். நாயுடு அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார். வெயிலில் வந்து உட்காருகிறவனுக்கு இரண்டு மணி நேரம் பனியைக் காட்டினால் அதுவே போதும், பூதம் இரண்டாவது என்பார். அப்படி ஒரு படத்தைக் கோயமுத்தூரிலேயே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். மெட்ராசில் பல வருடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்த கிருபாசங்கர் டைரக்டர் ஆனார்.

நான் அப்போது பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பா தொண்டாமுத்தூரில் ஒரு தென்னந்தோப்பில் தண்ணீர் கட்டுகிறவர். படித்து முடித்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. படித்த பையன் ஒருவன் வேண்டும் என்று கிருபாசங்கர் கேட்டதாக நண்பன் ஒருவன் சொன்னான். போனேன். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் இடையில் யார் எங்கே நின்றார்கள், ஸ்வெட்டரில் எத்தனை பட்டன் போட்டிருந்தார்கள் என்று பார்த்து வைப்பது என் வேலை. வேலை என்று வீட்டில் சொல்லிக்கொள்ள ஒன்று கிடைத்தது.

மில்லின் பஞ்சு குடோனைத்தான் இமயமலையாக மாற்றினோம். தரையெல்லாம் கழிவுப் பஞ்சு. அதன்மேல் உப்பும் சுண்ணாம்புத் தூளும். பாறைகள், ஃபவுண்டரியிலிருந்து வந்த கம்பியில் சாக்கைச் சுற்றி வெள்ளையடித்தவை. பனிப்புயலுக்கு மில்லின் பழைய எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு. ஹீரோவும் அவன் கூட்டாளிகளும் திருப்பூரிலிருந்து வாங்கி வந்த ஸ்வெட்டர்களுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். குளிர் நாட்டில் பேசினால் வாயிலிருந்து புகை வர வேண்டுமே என்று கிருபாசங்கருக்குக் கவலை. அதற்காக ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஹீரோ ஒரு பீடியை இழுத்துப் புகையை வாயில் அடக்கிக்கொள்வான். கேமரா ஓடியதும் புகையும் வசனமும் சேர்ந்து வரும். பாதி நேரம் இருமல்தான் வந்தது.

ஃபேனைப் போட்டதும் பஞ்சு கிளம்பி எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினோம். அந்த நேரத்தில் ஃபேனை நிறுத்துவதற்காக ஒரு ஆள் அந்தப் பஞ்சுப் புயலுக்குள் இருமாமல், முகத்தைக்கூடச் சுளிக்காமல், இடது காலைச் சற்று இழுத்தபடி மெதுவாக நடந்து போனார். கிருபாசங்கர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், நம்ம பூதம் கிடைச்சாச்சு என்றார். அந்த ஆள்தான் திருமலைசாமி அண்ணன்; காலை இழுப்பது முழங்கால் வலியால் என்று பிறகுதான் தெரிந்தது. அது தெரிந்தும் கிருபாசங்கர், அந்த நடையை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பூதத்தின் உடுப்பு, கோணிச் சாக்கில் நூல் கழிவைக் கொத்துக் கொத்தாகத் தைத்தது. தலைக்கு ஸ்பாஞ்சு, பல்லுக்கு வெள்ளைப் பூச்சடித்த மரத்துண்டுகள். தலையைப் பின்பக்கம் கயிறு கோத்து இறுக்க வேண்டும். அவரால் தானாகக் கழற்ற முடியாது. மதியம் சோறு கொண்டுவந்த கருப்பாத்தாள் அக்கா முதல்நாள் அவரை அந்தக் கோலத்தில் பார்த்தார். பயப்படவில்லை. சுற்றி வந்து பார்த்தார்.

“ஏனுங்க, பழைய மெத்தையைப் பிரிச்சுப்போட்ட மாதர இருக்கறீங்க. இதையப் பாத்து எவன் பயப்படுவான்?”

தலையைக் கழற்றிவிட்டால்தானே சாப்பிட முடியும், கழட்டி உடுங்க கண்ணு என்று அக்கா என்னிடம் சொன்னார். அப்படித்தான் எனக்கும் அவருக்கும் பழக்கம். தினமும் மதியம் கயிற்றை அவிழ்ப்பது நான். அவிழ்த்ததும் உள்ளேயிருந்து வரும் முகத்தில் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்த மாற்றம் ஒன்றும் இருக்காது.

படத்தின் கடைசியில் பூதம் சுடப்பட்டுச் சாகும் என்பதை லைட்மேன் ஒருவர் விளையாட்டாக அக்காவிடம் சொல்லிவிட்டார். அக்கா அன்றைக்குச் சோற்றைப் பரிமாறாமல் நேராகக் கிருபாசங்கரிடம் போனார். அவர் கேட்டது எங்களில் பலருக்குப் புதிது. அவர் பிறந்த ஊர் அன்னூருக்கு அந்தப் பக்கம். அங்கே மாசி நோம்பித் திருவிழாவில் படுகளம் உண்டு. ஆண்கள் அருள் வந்து களத்தில் விழுவார்கள். செத்தவர்களைப் போலவே கிடப்பார்கள். வீட்டுப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு தீர்த்தம் தெளித்து, அழைத்து, எழுப்புவார்கள். விழுந்தவன் தானாக எழுந்து துணியைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வரக்கூடாது. எழுப்பாமல் யாரையும் வாசல் தாண்ட விடமாட்டார்கள்.

“உங்க படத்துல இவரை உழுகச் சொல்றீங்க. எழுப்பறது யாருங்க?”

கிருபாசங்கர் சிரிக்காமல் கேட்டார் என்பதை இப்போதும் மரியாதையோடு நினைக்கிறேன். சினிமாவிலும் அந்த வழக்கம் இருக்கிறது என்று சொன்னார். செத்ததாக நடித்தவர், அந்த ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். படத்தில் சேர்க்க மாட்டார்கள், ஆனால் எடுக்காமல் இடத்தைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் இதுதான் முறை.

அக்கா யோசித்தார். முறை என்று ஒன்று இருப்பது அவருக்கு நிம்மதியாக இருந்தது.

“பூதத்துக்குப் பல்லு எப்பவும் வெளியதானுங்க நிக்குது. அந்தச் சிரிப்பு கணக்கில்லீங்க. தலையைக் கழட்டிப்போட்டு இவரு சிரிக்கோணும்.”

அப்படியே ஆகட்டும் என்றார் டைரக்டர். அக்கா திரும்பிவந்து சோற்றைப் போட்டார். அண்ணன் போட்டதைச் சாப்பிட்டார்.

பூதம் சாகும் காட்சியைக் குடோனில் எடுக்க முடியாது, நிஜப் பனி வேண்டும் என்று கிருபாசங்கர் பிடிவாதம் பிடித்தார். ஊட்டியில் தை மாதத்தில் புல்தரையில் உறைபனி விழும். விடியற்காலையில் போனால் தரை முழுக்க வெள்ளையாக இருக்கும். கேமராவைத் தாழ்த்தி வைத்தால் இமயமலை என்று நம்பிவிடலாம். வெயில் ஏறினால் போய்விடும். அதற்குள் எடுத்தாக வேண்டும். வேனில் ஏறிப் போனோம். நான் உறைபனியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. புத்தகத்தில் படித்திருக்கிறேன், எதனால் உண்டாகிறது என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். காலால் மிதித்தபோது அப்பளம் நொறுங்குகிற சத்தம் வந்தது.

ஹீரோ சுட்டான். அண்ணன் விழுந்தார். லாரியிலிருந்து பஞ்சுப் பொதியை உருட்டிவிட்டால் எப்படி விழுமோ அப்படி, கையை ஊன்றாமல் விழுந்தார். நடிக்கத் தெரிந்தவர்களால் அப்படி விழ முடியாது. கட் சொன்ன பிறகும் எழவில்லை. யாரும் எழச் சொல்லவில்லை என்பதால், குளிர் என்று ஒன்று இருப்பதே தெரியாதவராக அந்தப் பனியில் கிடந்தார். அதைப் பார்த்து கிருபாசங்கர் கேமராவைப் பக்கத்தில் கொண்டுவந்து கையை மட்டும் எடுத்தார், பிறகு முதுகை எடுத்தார். வெயில் சரிவின் மேலிருந்து இறங்கி வர வர, பனி புல்லாகிக்கொண்டே வந்தது. அண்ணன் கிடந்த இடத்தை வெயில் தொடுவதற்கு முன்னால் வேலை முடிந்தது.

அப்போது எனக்குச் சிரிப்பு ஷாட் ஞாபகம் வந்தது. ஃபிலிம் ரோலில் கொஞ்சம்தான் மிச்சம், எடுத்துவிடலாம் என்றார் கேமராமேன். நான் ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தேன். தலையைத் தூக்கியதும் அண்ணன் எழுந்து நின்றார். பூதத்தின் உடம்பில் அவருடைய முகம்.

கேமரா ஓடியது. கிருபாசங்கர் சிரிங்க என்றார். கொஞ்சம் சிரிங்க என்றார். பல்லையாவது காட்டுங்க என்றார். உங்க மாமியாரை நெனச்சுக்கங்க என்று பின்னாலிருந்து லைட்மேன் குரல் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணன் வாயைத் திறந்தார். பல் டாக்டருக்குத் திறப்பதைப் போலத் திறந்து அப்படியே வைத்திருந்தார். அவர் மறுக்கவில்லை. முயற்சி செய்தார். கன்னத்தில் ஏதோ ஒன்று அசைந்ததைப் பார்த்தேன். சொல்லிக்கொடுத்ததைச் செய்ய உடம்பு தயாராக இருந்தது, செய்ய வேண்டியது மட்டும் வரவில்லை. ரோல் முடிந்தது. எடுத்தாச்சு, கிளம்பலாம் என்று டைரக்டர் சொல்ல, சாமான்களை ஏற்றினோம்.

சாயங்காலம் அவரை வீட்டில் விட நானும் கூடப் போனேன். கணபதியில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. முன்னால் ஒரு எருமை கட்டியிருக்கும். கருப்பாத்தாள் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“சிரிச்சீங்களா?”

“இல்லே,” என்றார் அண்ணன்.

“ஏனுங்க?”

“வல்லே.”

எடுத்தாச்சுங்கக்கா, கேமராவில் பதிவாகியிருக்கிறது என்று நான் குறுக்கே சொன்னேன். எடுத்தது இருக்கட்டும் கண்ணு, சிரிச்சாரா என்று அக்கா திரும்பவும் கேட்டார். அக்கா சத்தம் போடவில்லை. இன்னைக்கு மில்லுலயே படுத்துக்கங்க, சோறு கொண்டாரேன் என்றார். அண்ணன் திரும்பி, வந்த வழியிலேயே நடந்தார். அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லாதது போலத்தான் இருந்தது.

ஒருநாள் என்று நினைத்தது தொடர்ந்தது. மூன்று வேளையும் தூக்குப்போசியில் சோறு போனது. துணி துவைத்துப் போனது. முழங்காலுக்குத் தைலம் போனது. ஆள் மட்டும் வீட்டுக்குள் வரவில்லை. லைனில் இருந்தவர்கள் அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள். சினிமாவுல செத்ததுக்கெல்லாம் எழவு காப்பாங்களா என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டதற்கு, நான் எழவு காக்கலே, எழுப்பறதுக்குத்தான் காத்துட்டிருக்கறேன் என்று அக்கா சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

நான் ஒருநாள் போய் எடுத்துச் சொல்லப் பார்த்தேன். படித்தவன் சொன்னால் கேட்பார் என்ற எண்ணம் எனக்கு இருந்திருக்கலாம். எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டார். பிறகு வாளியைக் கீழே வைத்தார்.

“காத்தால எந்திரிச்சு கண்ணாடி முன்னால நிக்கறேன் தம்பி. பொட்டு வெக்கறதா வேண்டாமான்னு ஒரு நிமிசம் கை நின்னு போகுது. தெனமும் நிக்குது. நீ படிச்சவன், அதுக்கொரு பதில் சொல்லு.”

அது முட்டாள்தனம் என்று சொல்லியிருக்க முடியும். சொல்ல வாய் வராததற்குக் காரணம் மரியாதையா, எனக்கே அதில் சந்தேகம் வந்துவிட்டதா, தெரியாது.

இன்னொரு ஷாட் எடுத்தால் தீர்ந்தது என்று நாயுடுவைப் பார்க்கப் போனேன். அவர் மெட்ராஸ் போய் அதுவரை எடுத்ததையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஃபவுண்டரி ஆபீசில் உட்கார்ந்து, படத்தை இதோடு நிறுத்திவிட்டதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை.

“பூதத்தைப் பாத்தா பயமே வல்லீங்க தம்பி. பாவமா இருக்குது. கூப்புட்டு சோறு போட்டு அனுப்பிச்சுப்போடலாம்னு தோணுது.”

அந்தக் கடைசி ஷாட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே வார்ப்பு வேலையைப் பார்த்தார். அது ஒன்றுதான் பயமாக இருந்தது என்றார். கிருபாசங்கர் அதற்குள் மெட்ராசுக்கே திரும்பியிருந்தார். கேமரா இல்லை, ஃபிலிம் இல்லை, டைரக்டர் இல்லை. அண்ணன் செத்தது செத்ததாகவே ஒரு டப்பாவுக்குள் இருந்தது.

அந்த நாட்களில் நான் பல இடங்களுக்கு வேலை கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அதற்காகப் போட்டோ எடுக்கப் போனபோது ஸ்டுடியோக்காரர் கொஞ்சம் சிரிங்க தம்பி என்றார். கழுவிக் கொடுத்த போட்டோவைப் பார்த்தேன். சிரித்தேன் என்றுதான் நினைத்திருந்தேன், போட்டோவில் சிரிப்பு இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி மில்லுக்குப் போனேன். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்களுக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று இல்லையா என்று கேட்டேன். போகோணுந்தான் என்றார். அவ சொல்றதுலயும் தப்பில்லீங்களே தம்பி என்றும் சொன்னார். விழுந்த அன்றைக்கு என்ன தோன்றியது என்று கேட்டதற்கு, ஒண்ணும் தோணலே, அதுதான் எனக்கும் ஒரு மாதர இருக்குது என்றார். அவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அவ்வளவுதான்.

மாசி நோம்பிக்கு அக்கா அவரைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். படுகளத்தில் விழுந்தவர்களோடு சேர்த்து இவரையும் எழுப்பிவிடும்படி பூசாரியிடம் கேட்டிருக்கிறார். பூசாரி முழுக்கதையையும் கேட்டுவிட்டு, பூதமாக விழுந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். எந்தக் களத்தில் விழுந்தாரோ அந்தக் களத்தில்தான் எழுப்ப வேண்டும், இங்கே எழுப்பினால் விழாதவனை எழுப்பியதாகிவிடும் என்றாராம். தீர்த்தம் மட்டும் கொடுத்து அனுப்பினார். அக்கா அதை ஒரு பித்தளைச் சொம்பில் வாங்கி, வாயில் துணி கட்டி, நேராக என்னிடம் வந்தார். பூதத் தலைக்குள் இருந்த அண்ணனுக்கு இடம் அடையாளம் தெரியாது, எனக்குத்தான் தெரியும்.

மூன்று பேரும் கிளம்பினோம். மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறியபோது அக்கா சொம்பை மடியிலிருந்து இறக்கவே இல்லை. வளைவுகளில் துணி நனையும். உடனே கையால் மூடிக்கொள்வார். அண்ணன் ஜன்னலோரம். ஊட்டியில் இறங்கி, வேறு பஸ் பிடித்து அந்த இடத்துக்குப் போனபோது நல்ல வெயில். பனி இல்லாததால் இடமே வேறாக இருந்தது. மஞ்சளும் பச்சையுமாகப் புல், அதில் இரண்டு குதிரைகள், கீழே ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நின்ற ஒரு சுற்றுலா பஸ். எங்கே கேமரா, எங்கே ஹீரோ நின்றான் என்று நான் தைல மரங்களை வைத்துப் பார்த்தேன். இந்த மரமா அந்த மரமா என்று குழம்பியது. கடைசியில் ஒரு இடத்தைக் காட்டினேன். அது சரியான இடம்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். சந்தேகப்பட்டாரோ என்னவோ, கேட்கவில்லை.

“எப்படி உழுந்தீங்களோ அப்படியே படுங்க.”

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அக்கா தலைமாட்டில் உட்கார்ந்தார். சொம்பின் துணியை அவிழ்த்து என்னிடம் நீட்டி, தண்ணீரைத் தெளித்து, பேர் சொல்லிக் கூப்பிடு என்றார். நான் தெளித்தேன். அண்ணா, எந்திரிங்க என்றேன்.

“அண்ணா நொண்ணாவெல்லாம் எந்த ஊட்டுலயும் இருக்குது. பேரைச் சொல்லோணும் கண்ணு.”

எனக்கு வரவில்லை. அப்பா வயதுள்ளவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. நீங்களே சொல்லுங்கக்கா என்றேன். அதன் பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அவர் வயதுப் பெண்கள் யாரும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார்கள். அக்கா சொம்பை என் கையிலிருந்து வாங்கினார். ரோட்டைப் பார்த்தார். குதிரைகளைப் பார்த்தார். கை நிறையத் தண்ணீர் எடுத்து அவர் முதுகில் தெளித்தார். பிறகு மிச்சத்தை அப்படியே தலையில் ஊற்றிவிட்டார்.

“திருமலைசாமி,” என்றார். குரல் பாதியில் தேய்ந்தது. மறுபடி, வாய் முழுக்கச் சொன்னார். “திருமலைசாமி, எந்திரி.”

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. பொத்தியும் நிற்காமல் வந்தது. அண்ணன் கையை ஊன்றி, முழங்காலை மடக்கி, மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது, மீசையில் புல் ஒட்டியிருந்தது. அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

“கூப்புட்டியா?” என்றார்.

“ஆமாங்க,” என்றார் அக்கா.

அவ்வளவுதான். ரோட்டோரக் கடையில் டீ குடித்தோம். இது போதுமா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அக்காவும் முடிவு செய்திருந்ததாகத் தெரியவில்லை. காலிச் சொம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பஸ் மலையிறங்கி, கல்லாறு பக்கம் வந்ததும் புழுக்கம் ஆரம்பித்தது. எல்லோரும் ஜன்னலைத் திறந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்சீட்டில் இருந்தேன். அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டி இன்னும் ஈரமாக இருந்தது. அவர் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு அக்காவின் பக்கம் திரும்பினார்.

“அந்தச் சன்னலைச் சாத்து,” என்றார். “குளுருது.”

இந்த வெயில்லயா என்று முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா அவரைக் கவனிக்கவில்லை. அண்ணனைத் தாண்டிக் கையை நீட்டி ஷட்டரை இறக்கினார். பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டார்.

“ஊட்டுக்குப் போனதும் சுடுதண்ணி வெச்சுத் தாரேன்,” என்றார். “தலையைத் தொவட்டிட்டு உள்ள வந்து படுங்க.”